எந்தச் செர்ரி தக்காளி நம் மாடிக்கு ஏற்றது?

(சுதந்திர தின விழாவில் நம் சங்க உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

கொடியேற்றி முடித்து, டிபனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தக்காளியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். இட்லி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு மொட்டை மாடியில் செடி வைக்க ஆரம்பித்தேன். பழைய பழக்கம் போகவில்லை. செடிக்குச் செடி நோட்டில் கணக்கு எழுதி வைக்கிறேன். என்று விதைத்தது, எவ்வளவு பறித்தது, எவ்வளவு வீணானது, எல்லாம் அதில் இருக்கிறது.

லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "சார், செர்ரி தக்காளியில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்கிறீர்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன பதில் வேறு, இன்று சொல்லும் பதில் வேறு. அது ஏன் மாறியது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அடுத்த மாதப் பொதுக்குழுவில், மாடியில் உள்ள தொட்டிகளை எல்லாம் அகற்ற வேண்டும் என்று ஒரு தீர்மானம் வருகிறது. அந்தத் தீர்மானத்துக்குக் காரணமானவன் நான்தான்.

முதலில் ரகங்கள்.

என் முதல் காதல் 'சன் கோல்ட்'. ஜப்பானில் உருவான வீரிய ஒட்டு ரகம். ஆரஞ்சு நிறம், கோலிக்குண்டு அளவு. வாயில் போட்டால் தக்காளியா பழமா என்று சந்தேகம் வரும், அவ்வளவு இனிப்பு. ஆனால் தோல் மெல்லியது. காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் போனால் பழம் வெடித்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியை நம்பி, முதல் வருஷம் இதை ஆடியில் விதைத்தேன். பழம் நிறம் மாறும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பறித்ததில் மூன்றில் ஒரு பங்கு வெடித்த பழம். நோட்டில் சிவப்பு மையால் எழுதினேன்.

இரண்டாவது 'ஸ்வீட் மில்லியன்'. சிவப்பு. நீளமான கொத்தில் திராட்சை மாதிரி தொங்கும். சன் கோல்ட் அளவுக்கு வெடிப்பதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது நல்லது. பள்ளி டப்பாவில் அப்படியே போட்டுக் கொடுக்கலாம்.

மூன்றாவது 'பிளாக் செர்ரி'. பெயர்தான் கறுப்பு, நிறம் நாவல்பழமும் பழுப்பும் கலந்தது. இனிப்போடு கொஞ்சம் புளிப்பும் சேர்ந்த ஆழமான ருசி. எங்கள் வீட்டில் ரசத்துக்கு இதைத்தான் கேட்பார்கள்.

நான்காவது 'யெல்லோ பேர்'. குட்டிப் பேரிக்காய் வடிவில் மஞ்சளாக இருக்கும் பழைய ரகம். பார்க்க அழகு, ருசி சுமார்தான். கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க ஆசைப்பட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

இந்த நான்கும் கொடி மாதிரி ஏறிக்கொண்டே போகிறவை. ஆறு அடி, ஏழு அடி வளரும். பெரிய பை வேண்டும், கம்பு கட்ட வேண்டும்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். 20 லிட்டர் பைகள் பதினாலு வாங்கி, செம்மண் நிரப்பி, கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசையாக வைத்தேன். தண்ணீர் ஊற்றிய பிறகு ஒரு பையை எடை மெஷினில் தூக்கி வைத்துப் பார்த்தேன். 25 கிலோவைத் தாண்டியது. பதினாலு பை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எடை மட்டும் இருந்தால் பரவாயில்லை. பைகளிலிருந்து கரைந்த மண் மழைநீர்க் குழாயின் வாயில் போய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் நாள்கணக்கில் தேங்கியது. கீழே கடைசி மாடியில் குடியிருக்கும் அம்மாவின் படுக்கையறைக் கூரையில் ஓதம் இறங்கியது.

அவர் கமிட்டியில் புகார் சொன்னபோது, "அது மழைத் தண்ணீர், என் தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று கூட்டத்தில் எழுந்து வாதாடினேன். உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். அவர் சண்டை போடவில்லை. "ஒரு தடவை உள்ளே வந்து பாருங்கள் அண்ணா" என்றார். போய்ப் பார்த்தேன். கட்டிலை நகர்த்தி நடு ஹாலில் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை பைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். ஏழாவது பைக்கு அடியில் குழாய் வாய் தெரிந்தது. முழுக்க என் செம்மண். தளத்தைச் சரிசெய்யும் செலவை நான் கொடுத்தேன். ஆனால் கூட்டத்தில் நான் பேசிய பேச்சை இதுவரை திரும்பப் பெறவில்லை. இன்று இந்த மேடையில் பெற்றுக்கொள்கிறேன். மன்னியுங்கள் அம்மா.

அதற்குப் பிறகுதான் ஐந்தாவது ரகம் வந்தது. 'டைனி டிம்'. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் 1945-இல் வெளியிட்ட குட்டை ரகம். ஒன்று, ஒன்றரை அடியோடு வளர்ச்சி நின்றுவிடும். கம்பு வேண்டாம். ஐந்து லிட்டர் தொட்டி போதும். கோகோபீட்டும் மண்புழு உரமும் கலந்து வைத்தால் ஒரு குழந்தை கூடத் தூக்கி நகர்த்தலாம். பால்கனி ஓரத்திலும், வெயில் விழும் சமையலறை ஜன்னலிலும் வைக்கலாம். ருசியில் சன் கோல்டுக்கு ஈடாகாது, ஒப்புக்கொள்கிறேன். பழமும் குறைவு, என் நோட்டின்படி சன் கோல்ட் செடிக்கு இரண்டு கிலோ, இதற்கு நானூறு கிராம். ஆனால் இதனால் யார் வீட்டுக் கூரையும் ஒழுகாது. இப்போது எனக்குப் பிடித்த ரகம் எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நான்கு மணி நேரமாவது நேரடி வெயில் இல்லாத பால்கனியில் எதையும் வைக்காதீர்கள். ஆறு மணி நேரம் இருந்தால் நல்லது. காற்று வராத, கொசுவலை அடித்த பால்கனி என்றால் காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

காலம் முக்கியம். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேல் நின்றால் பூ காய்க்காமல் உதிரும். சித்திரை, வைகாசியில் சென்னையில் அதுதான் நடக்கும். உரத்தைக் கொட்டிப் பயனில்லை. புரட்டாசிக் கடைசியில் மழை படாத இடத்தில் விதையுங்கள். கார்த்திகையில் தொட்டிக்கு மாற்றுங்கள். மார்கழியில் பூ, தை பிறந்த பிறகு பழம். இலை சுருண்டு செடி குட்டையாகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து தேடாமல் பிடுங்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பக்கத்துச் செடியாவது தப்பிக்கும்.

விதை விஷயத்தில் வங்கிக்காரனாக ஒன்று சொல்கிறேன். சன் கோல்ட், ஸ்வீட் மில்லியன் இரண்டும் ஒட்டு ரகம். அந்தப் பழத்தின் விதையைப் போட்டால் தாய்ச் செடி மாதிரியே வராது. ஒவ்வொரு வருஷமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிளாக் செர்ரி, யெல்லோ பேர், டைனி டிம் மூன்றும் அப்படியில்லை. நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றோடு ஒரு டம்ளரில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். வழவழப்பு கரைந்து விதை அடியில் தங்கும். கழுவி, தட்டில் பரப்பி நிழலில் காயவைத்தால் நான்கு வருஷம் வரை முளைக்கும். போட்ட முதல் கையைவிட்டுப் போகாது.

தீர்மானத்துக்கு வருகிறேன். மாடியில் 20 லிட்டர் பைகள் வேண்டாம் என்பதற்கு நானே முதலில் கை தூக்குகிறேன். ஆனால் எல்லாத் தொட்டியும் போக வேண்டியதில்லை. சிறிய தொட்டி, கீழே தட்டு, தரையில் படாமல் இரும்பு ஸ்டாண்டு, குழாய் வாயைச் சுற்றி மூன்று அடிக்கு எதுவும் இல்லை, மாதம் ஒரு முறை கமிட்டி பார்வை. இப்படி ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறேன். வடிகுழாயைத் துடைத்துப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். என் பதினாலு பைகளும் போன மாதமே இறங்கிவிட்டன.

வாசலில் செக்யூரிட்டி மேஜையில் டைனி டிம் விதைப் பொட்டலங்கள் வைத்திருக்கிறேன், வீட்டுக்கு ஒன்று. காசு வேண்டாம். தை மாதம் பழுத்த பிறகு விதை எடுத்து, இரண்டு பொட்டலமாகத் திருப்பிக் கொடுங்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு ஆகும்.

சாம்பார் வந்துவிட்டது, சாப்பிடப் போகலாம்.