பெயரிட்டுக் காத்தவர்கள்



கேழ்வரகு அறுவடைக் காலத்தில் இம்மாவட்டத்தார் ஆண்டுதோறும் கேட்கும் செய்தி ஒன்றுண்டு. கர்நாடகத்துப் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டம் ஜவளகிரி, தளிப் பக்கம் வந்து கொல்லைகளில் புகுந்தது என்பதே அது. மறுநாள் நாளிதழ் அதனை 'யானைகள் அட்டகாசம்' என்று எழுதும். உழவரின் இழப்பு மெய்யானது. அதனைச் சிறிதாக்கிப் பேசுதல் தகாது. எனினும், வலசை போகும் விலங்கை அவ்வொரு சொல் குற்றவாளியாக்கிவிடுகிறது. காடு காக்கும் பணியில் எழுத்தாளருக்கு என்ன வேலை என்று வினவுவோர் இச்சொல்லை எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வேலையை வாழ்நாளெல்லாம் செய்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், தாவரவியல் பயின்றவர். அண்டை மாநிலத்தில் இன்று அடங்கியுள்ள சண்டூர்ச் சமஸ்தானத்தில் 1942 முதல் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர்ச் சென்னைக்குத் திரும்பி, எழுத்து, ஓவியம், ஒளிப்படம் ஆகியவற்றையே வாழ்வாக்கிக்கொண்டார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை இறக்கும்வரை 46 ஆண்டுகள் எழுதினார். ஒரு பத்தி ஓராண்டு நீடித்தாலே வியக்கும் காலம் இது! அயல்நாட்டு மரங்களைக் காடுகளில் நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். ஒரு துப்பறியும் நாவலையும் தமிழில் எழுதினார் என்பது பலர் அறியாதது. தாம் கண்ணால் கண்டதை மிகைப்படுத்தாமல் எழுதியதே அவர் எழுத்தின் வலிமை.

அவருடைய தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்த இவர், 'காட்டுயிர்' என்னும் சொல்லைத் தம் எழுத்தில் விடாது வழங்கிவருபவர். அதிலொரு நுட்பம் உண்டு. 'வனவிலங்கு' என்றால் பறவையும் பூச்சியும் செடியும் புறத்தே நின்றுவிடும். 'காட்டுயிர்' என்றால் யாவும் உள்ளடங்கும். காக்கப்பட வேண்டியவை எவை என்பதை இங்கே சொல்லே முடிவு செய்கிறது. உல்லாஸ் காரந்தின் புலி பற்றிய அறிவியல் நூலை அவர் தமிழாக்கியபோது இட்ட தலைப்பு 'கானுறை வேங்கை'. பழந்தமிழ் மணக்கும் அத்தலைப்பு, புலியை அது வாழும் காட்டோடு சேர்த்தே அறிமுகம் செய்கிறது.

காவேரிப்பட்டினத்து மாணவர்கள் இப்பணியைத் தென்பெண்ணைக் கரையிலேயே தொடங்கலாம். கண்ட பறவைக்குத் தம் பாட்டியார் வழங்கும் பெயர் யாது, அது எம்மாதம் வந்தது, எம்மரத்தில் அமர்ந்தது என்று கேட்டும் பார்த்தும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பாட்டியார் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.