வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ஊர் சொல்ல வேண்டியது



இந்த ஆண்டு பணி ஆணை வாங்கி, அம்மா அப்பாவோடு இங்கே வந்திருக்கும் பட்டதாரிப் பிள்ளைகளை வாழ்த்திப் பேச வேண்டும் என்று நூலக வாசகர் வட்டத்தார் கேட்டுக்கொண்டார்கள். வாழ்த்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் நல்லா இருக்கணும். மிச்சமுள்ள நேரத்தில், நீங்கள் போகப்போகும் இடம் எப்படி இருக்கும் என்று சொல்ல விரும்புகிறேன். நான் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள். ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகள் வந்து சேருவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

நம் அருப்புக்கோட்டை தறியாலும் மில்லாலும் வளர்ந்த ஊர். தறிக்குழியில் அப்பா இருப்பார், பக்கத்தில் அம்மா தார் சுற்றிக்கொண்டிருப்பார். அறுந்த இழையை எப்படிப் பிணைப்பது என்று பிள்ளை யாரையும் தேடிப்போய்க் கேட்க வேண்டியதில்லை, பார்த்தே கற்றுக்கொண்டது. மில்லில் சேர்ந்த இளைஞனுக்கு ஷிப்டு என்றால் என்ன, பிடித்தம் என்றால் என்ன, எந்த மேஸ்திரியிடம் எப்படிப் பேசுவது என்று சொல்ல அதே மில்லில் ஒரு மாமா இருந்தார். வாத்தியார் வீட்டுப் பிள்ளை வாத்தியார் வேலைக்குப் போனால் சர்வீஸ் ரிஜிஸ்டர் என்ன என்பது அதற்கு முன்பே தெரியும். ஒவ்வொரு தொழிலுக்கும் இந்த ஊரில் சொல்லித்தர ஒரு வாய் இருந்தது.

கார்ப்பரேட் கம்பெனி என்று நாம் சொல்கிற இடத்துக்குப் போகும் பிள்ளைக்கு மட்டும் வீட்டில் அந்த வாய் இல்லை. நான் இன்று பேச வந்திருப்பது அதைப் பற்றித்தான்.

கல்லூரி வாசல்வரை நம் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தமிழ்நாட்டில் பல காலம் பலர் உழைத்திருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்கல்விக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-ஆம் ஆண்டு வாக்கில் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021-இல் வந்தது. 2022-இல் திறன் பயிற்சிக்கு நான் முதல்வன் திட்டமும், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் வந்தன. இந்தக் கூடத்தில் இருக்கும் பல பிள்ளைகள் இவற்றால் படித்தவர்கள். படிப்புக்கு வழி கிடைத்தது, நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சியும் கிடைத்தது. ஆனால் வேலையின் முதல் மாதத்தைப் பற்றிச் சொல்ல யாரும் வரவில்லை.

அந்த முதல் மாதம் எப்படி இருக்கும்?

2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுக, சிறுசேரி வரைக்கும், கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. உங்களில் பலர் முதல் நாள் அப்படி ஒரு கட்டடத்தின் வாசலில்தான் நிற்பீர்கள். காவலர் உங்கள் பையைச் சோதிப்பார். தற்காலிக அட்டை ஒன்று தருவார்கள். ஒவ்வொரு கதவும் அந்த அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். உள்ளே நூறு பேர் இருப்பார்கள், ஆனால் பேச்சுச் சத்தம் பெரிதாக இருக்காது. குளிரும். உங்களைவிட இருபது வயது மூத்த மேலாளரை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆசிரியர் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழகாத நமக்கு அந்தப் பெயர் தொண்டையிலேயே நிற்கும்.

பிறகு கூட்டத்தில் உட்கார வைப்பார்கள். கே.டி. என்பார்கள், ஈ.ஓ.டி. என்பார்கள், வாடிக்கையாளர் பெயரையே இரண்டு எழுத்தாகச் சுருக்கிச் சொல்வார்கள். அமெரிக்காவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வேகமாகப் பேசுவார், பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார். சில இடங்களில் லேப்டாப் வரவே சில நாள் ஆகும். சில இடங்களில் பயிற்சி முடிந்த பிறகும் எந்த வேலையும் தராமல் பெஞ்சில் வைத்திருப்பார்கள். 'இதைச் செய்' என்று கல்லூரியில் சொன்னதுபோல் யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிள்ளை இரவு விடுதிக்குத் திரும்பும்போது மனதுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறது: 'இங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியுது. எனக்குத்தான் தெரியல. என்னைத் தப்பா எடுத்துட்டாங்க.'

தம்பி தங்கைகளே, அந்தத் தீர்ப்பு பொய். அந்தச் சுருக்கப் பெயர்களில் பாதி அந்த நிறுவனத்துக்குள்ளேயே பிறந்தவை, எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. உங்களோடு அதே நாளில் சேர்ந்த பெருநகரத்துப் பிள்ளைக்கும் அவை தெரியாது. அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு வசதி உண்டு. இரவு வீட்டுக்குப் பேசும்போது, 'முதல் மாசம் எல்லாருக்கும் அப்படித்தான், நாளைக்கு உன் டீம் லீடிடம் நேராகவே கேள்' என்று சொல்ல அக்காவோ சித்தப்பாவோ இருக்கிறார்கள். உங்கள் அம்மா 'சாப்பிட்டியா' என்று கேட்பார். அந்தக் கேள்வி உயர்ந்தது. ஆனால் அலுவலகத்தில் உங்களுக்கு எழும் கேள்விக்கு அந்த அம்மாவால் பதில் சொல்ல முடியாது. உங்களுக்கும் அந்தப் பெருநகரத்துப் பிள்ளைக்கும் இடையில் இருப்பது அறிவின் தூரம் இல்லை, ஒரு தொலைபேசி அழைப்பின் தூரம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தென் மாவட்டத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். கெட்டிக்காரர். அவருக்குத் தந்த வேலையைச் செய்ய ஒரு சர்வருக்குள் நுழையும் அனுமதி வேண்டும். அந்த அனுமதி அவருக்கு வழங்கப்படவில்லை, யாரோ மறந்துவிட்டார்கள். உள்ளே நுழையும் வழியை நாமாகவே கண்டுபிடிக்க வேண்டும் போலிருக்கிறது, கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்று எண்ணி, அவர் நாள்கணக்கில் தனியாகப் போராடினார். இதற்குள் 'மெதுவாக இருக்கிறார்' என்ற பேச்சு கிளம்பிவிட்டது. விஷயம் தெரிந்து ஒரு விண்ணப்பம் போட்டதும் அன்றே அனுமதி வந்தது. அவருடைய திறமையில் ஒரு குறையும் இல்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கேளுங்கள். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் நீங்களே முயன்று பாருங்கள். என்னென்ன முயன்றீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போய், 'இதைச் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் நிற்கிறது' என்று சொல்லுங்கள். அப்படிக் கேட்கிறவரை எந்த நல்ல மேலாளரும் தாழ்வாக நினைக்கமாட்டார். கூட்டத்தில் புரியாத சொல்லை நோட்டில் எழுதிவைத்துக் கூட்டம் முடிந்ததும் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேளுங்கள். வாய்மொழியாக ஒரு வேலை சொன்னால், நீங்கள் புரிந்துகொண்டதை இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஆங்கிலத்தில் பிழை வருமே என்று அஞ்சாதீர்கள். அங்கே தேவை தெளிவு. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், புரியவில்லை என்றால் இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். சேர்ந்த முதல் ஆறு மாதம் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் காலத்தை மௌனத்தில் தொலைத்துவிட்டால் பிற்பாடு கேட்பது இன்னும் கடினமாகிவிடும்.

இனி அம்மா அப்பாக்களிடம் பேச வேண்டும். பணி ஆணையில் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று போட்டிருக்கும். நீங்கள் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 30,000 என்று சொந்தபந்தத்திடம் சொல்லியிருப்பீர்கள். முதல் மாதம் வங்கியில் 22,000 சொச்சம்தான் விழும். பிள்ளை எதையோ மறைக்கிறது என்று வீட்டில் மனத்தாங்கல் வரும். யாரும் மறைக்கவில்லை. அந்த ஆணையில் இருப்பது சி.டி.சி., அதாவது உங்கள் பிள்ளைக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். அந்த 30,000-இல் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். பத்தில் ஒரு பங்கு, 3,000 ரூபாய், ஆண்டு முடிவில் வேலையைப் பார்த்துத் தருகிற தொகையாக இருக்கலாம், அது மாதச் சம்பளத்தில் வராது. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காடு, 1,800 ரூபாய். பிள்ளையின் பங்கும் அதே 1,800. பணிக்கொடைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு ஒதுக்குவார்கள், அது ஏறக்குறைய 720. இவை போக 22,680. அதிலிருந்து மருத்துவக் காப்பீடு, தொழில் வரி. தொழில் வரி எவ்வளவு போனாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

இதில் வைப்பு நிதிக்குப் போவது பறிபோன பணம் இல்லை. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்கு வாங்கித் தந்த சேமிப்பு அது. நம் ஊர் மில்லில் வேலை பார்த்தவர்கள் அதை வைத்துத்தான் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள், வீட்டுக்கு மேல்தளம் போட்டார்கள். நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மீதி பிள்ளையின் கணக்கில் வட்டியோடு சேரும். 12 இலக்கத்தில் யூ.ஏ.என். என்று ஓர் எண் தருவார்கள். வேலை மாறினாலும் அந்த எண் மாறாது. புது இடத்துக்குப் போகும்போது அவசரப்பட்டு அந்தப் பணத்தை எடுத்துவிடாமல் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்விக் கடன் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காமலிருக்க வங்கிகள் பொதுவாக அவகாசம் தருகின்றன. அந்த ஓராண்டிலும் வட்டி நடந்துகொண்டுதான் இருக்கும். முடிந்தால் வட்டியை மட்டுமாவது முதல் சம்பளத்திலிருந்தே கட்டச் சொல்லுங்கள். சென்னையில் விடுதி வாடகை, சாப்பாடு, பேருந்து எல்லாம் போக அந்தப் பிள்ளையின் கையில் எவ்வளவு நிற்கும் என்று பார்த்துவிட்டுப் பிறகு வீட்டுச் செலவைப் பேசுங்கள். முதல் மாதமே தங்கைக்கு நகைச்சீட்டு, தம்பிக்கு பைக் என்று அதன் தோளில் ஏற்றாதீர்கள்.

பிள்ளைகளே, கையெழுத்துப் போடும் முன் ஆணையை முழுவதும் படியுங்கள். தகுதிகாண் பருவம் எத்தனை மாதம், விலகும்போது எத்தனை நாள் முன்னறிவிப்பு, இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறதா, இம்மூன்றையும் பாருங்கள். அசல் சான்றிதழைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலை ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்கிறார்கள் என்றால் அங்கே வேலை இல்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குத் தலைவர் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சேர்ந்த வாரத்திலேயே அந்தக் குழுவில் யார் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரே, மகள் ஒரு கசப்பைச் சொன்னால் 'வேலையை விட்டுட்டு வா' என்று முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அந்தப் பயத்தாலேயே பல பெண்கள் வீட்டில் வாய்திறப்பதில்லை. 'நாங்க இருக்கோம், நீ புகார் கொடு' என்று சொல்லுங்கள்.

கடைசியாக, என்னைப் போல ஏற்கெனவே கம்பெனிகளில் வேலை பார்க்கும் இந்த ஊர்க்காரர்களிடம் வருகிறேன். இந்தக் கூட்டத்தில் நாம் சிலர் இருக்கிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வருகிறவர்கள் இன்னும் பலர். நமக்கு முன்னால் போனவர்கள் யாரும் இல்லை, நாம் தடவித் தடவித்தான் வழி கண்டோம். 'நானும் கஷ்டப்பட்டேன், அவனும் படட்டும்' என்று நினைத்தால் நாம் படித்த படிப்புக்கு அர்த்தம் இல்லை. இந்த ஊரின் மாமாக்களும் அண்ணன்களும் மில்லிலும் தறியிலும் செய்ததை இந்தத் தொழிலில் செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே வாசகர் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இந்த நூலகக் கூடத்தைத் திறந்து வையுங்கள். வேலையில் இருப்பவர்கள் முறைவைத்து வருவோம், வர முடியாதவர்கள் தொலைபேசியில் இணைவோம். பணி ஆணையைக் கொண்டுவரும் பிள்ளையோடு உட்கார்ந்து அதை வரிவரியாகப் படிப்போம். வேலைக்குப் போன பிள்ளை இரவில் கூப்பிட்டுப் பேச ஓர் எண் கொடுப்போம். இதற்கு நிதி வேண்டாம், அரசாணை வேண்டாம். வர விருப்பம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் நூலகரிடம் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.