வீட்டுச் சுவருக்கேற்ற வெண்மை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் வீட்டுக்கு வெள்ளையடித்தல் ஆண்டுதோறும் வரும் ஒரு சடங்கைப் போன்றது. தைப்பொங்கலோ, சித்திரைப் புதுவருடமோ, நோன்புப் பெருநாளோ, வீட்டில் ஒரு திருமணமோ நெருங்கிவிட்டால் சுவர்கள் புதுமை பெறவேண்டும் என்பது யாவரும் ஏற்றுக்கொண்ட நியதி. வெள்ளையடித்தல் என்ற சொல்லிலேயே நிறம் இன்னதென்று அடங்கிவிடுவதால், எந்த வெள்ளை என்ற கேள்வி முன்னாளில் எழவில்லை. இன்றோ கடைக்காரர் விரித்து வைக்கும் நிற அட்டையில் வெண்மை மட்டுமே பல வரிசைகளை நிரப்புகின்றது. ஒன்று பாலைப்போலிருக்கும், ஒன்று சங்கைப்போலிருக்கும், மற்றொன்று யானைத்தந்தத்தையும், வேறொன்று சந்தனக் குழம்பின் மேற்றெளிவையும் நினைவூட்டும். இவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது என்று குடும்பம் முழுவதும் கூடி ஆராய்வதும், பூசி முடித்தபின் நினைத்த நிறம் வரவில்லையே என்று மனம் வருந்துவதும் பல இல்லங்களில் நிகழும் செய்தி.

இதனை அற்ப விடயமென ஒதுக்கிவிடுதல் தகாது. இம்மாவட்டத்து மக்களுட் பலர் நீண்ட போரினால் இடம்பெயர்ந்து மீண்டவர்கள். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் கரையோர வீடுகள் பல அழிந்தன. பின்னர் எழுந்த வீட்டுத்திட்ட வீடுகளில் அறையின் அளவையும் கூரையின் வடிவையும் வேறு யாரோ வகுத்தார்கள். அத்தகைய வீட்டில் குடியிருப்போர் தாமாக முடிவு செய்யக்கூடியவற்றுள் முதலாவது சுவரின் நிறம் எனலாம். அதற்குச் செலவாகும் பணமோ சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். பிழைபட்டால் மறுமுறை பூசுவதற்குச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரும். ஆகவே, வாங்குமுன் சற்றுச் சிந்தித்தல் நலம்.

தூய வெள்ளையை விடுத்துச் சிறிது வெம்மை சார்ந்த வெண்மையை நாடுவதற்குக் காரணம் உண்டா? உண்டு. கடலும் மணலும் சூழ்ந்த இவ்விடத்தில் பகலொளி மிகக் கடுமையானது. அந்த ஒளி தூய வெண்சுவரிற் பட்டுத் திரும்பும்போது கண் கூசுகின்றது. கண்ணிற் புரை படர்ந்த முதியோருக்கு இக்கூச்சம் பெருந் தொல்லை. இதற்கு மாறாக ஆழ்ந்த மஞ்சளோ பச்சையோ பூசினால், மாலையில் ஒரே மின்குமிழின் கீழ்ப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒளி போதாமற் போகும். ஆழ்ந்த நிறம் விளக்கொளியின் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது பாலாடை வெண்மை. ஒளியின் பெரும்பகுதியை அது திருப்பித் தரும். கூச்சத்தையும் ஓரளவு தணிக்கும். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்று கொண்டுவரும் செம்புழுதியும் அதில் அவ்வளவாகத் தெரியாது. ஆயினும் உட்சுவரின் நிறம் வீட்டைக் குளிரச் செய்யும் என்று எண்ணுதல் தவறு. வெப்பத்தைத் தடுப்பன கூரையும், தாழ்வாரமும், வெளிச்சுவரில் விழும் மரநிழலுமே.

வெண்மையில் வெம்மை எங்கிருந்து வருகின்றது? வெள்ளைப் பொருளுடன் சேரும் மிகச் சிறிய சாயத்திலிருந்து வருகின்றது. மஞ்சட்காவி சிறிது சேர்ந்தால் பாலாடை நிறமாகும். அதனுடன் செங்காவி ஒரு துளி சேர்ந்தால் இளஞ்சிவப்பின் சாயல் தோன்றும். கருமையோ பச்சையோ ஒரு துளி சேர்ந்தால் மணலின் நிறத்தை அணுகும். தனியே பார்க்கும்போது இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். தூய வெள்ளைத் தாளொன்றை அருகே வைத்தவுடன் அவற்றின் உட்சாயல் வெளிப்படும். ஒரு நிறம் தன் பக்கத்திலுள்ள நிறத்தினால் மாறித் தோன்றும் இவ்வியல்பைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ருல் 1839 இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவர் கோபிலின் நெசவுச் சாலையில் சாயத் தொழிலை மேற்பார்த்தவர். நூலைப் படியாதவரும் கோயில் மதிலிற் செங்காவிப் பட்டைக்கு அருகே சுண்ணாம்புப் பட்டை எவ்வளவு வெளேரெனத் தோன்றுகின்றது என்பதைக் கண்டிருப்பர்.

அடுத்துக் கவனிக்கத்தக்கது யன்னலின் திசை. மேனாட்டு நூல்கள் வடக்கு நோக்கிய அறைக்கு வெயில் படாது, ஆதலால் அதற்கு வெம்மையான நிறமே வேண்டும் என்று விதிக்கின்றன. அவ்விதி இலண்டன் மாநகருக்குப் பொருந்தும், திருகோணமலைக்குப் பொருந்தாது. இந்நகர் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய எட்டரைப் பாகையில் உள்ளது. சித்திரைப் புதுவருடப் பிறப்பை ஒட்டி நண்பகற் சூரியன் இங்கு நேர் உச்சியில் நிற்கும். அதன்பின் ஓகஸ்ட் மாத இறுதி வரை நண்பகலில் அது வடபுறமாகவே செல்லும். அக்காலத்தில் வடக்கு யன்னலுக்குக் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் கிடைக்கும். தென்புற யன்னலுக்கு வெயில் வரும் மாதங்களிலோ வாடைக்காற்றும் மழைமேகமும் வானத்தை மூடியிருக்கும். ஆகவே இங்கு வடக்குத் தெற்கைக் காட்டிலும் கிழக்கு மேற்கே முதன்மையானது. கிழக்கு அறையிற் காலை ஒளி பொன்னிறமாய் வந்து பிற்பகலில் நீலம் சார்ந்து மங்கும். மேற்கு அறையில் மாலைவெயில் சுவரை மஞ்சளாக்கும். பிற்பகலிற் புழங்கும் கிழக்கு அறைக்குச் சற்று வெம்மை கூடிய வெண்மையும், மாலையிற் புழங்கும் மேற்கு அறைக்கு வெம்மை குறைந்த வெண்மையும் ஏற்றவை.

வெயிலைத் தவிர எதிரொளியும் உண்டு. கடலை நோக்கிய வீட்டில் நீரிற் பட்ட ஒளி நீலமும் பச்சையும் கலந்து உட்புகும். வேம்பும் மாவும் அடர்ந்த முற்றத்திலிருந்து வருவது பச்சையொளி. இவ்விடங்களில் நிற அட்டையில் மஞ்சளாகத் தோன்றிய வெண்மை சுவரிற் சிறிது பச்சை பாய்ந்தாற்போலாகும். செங்காவியின் சாயல் கொண்டதே அங்கு நன்றாய் அமையும். பழைய வீடுகளிலுள்ள சிவப்புச் சீமெந்துத் தரையோ இதற்கு மாறானது. பளபளக்கும் அத்தரை தன் செம்மையைச் சுவரின் கீழ்ப்பாதிக்கு வழங்கிவிடுகின்றது. அங்கு இளஞ்சிவப்புச் சாயலுள்ள வெண்மையைப் பூசினால் அறை முழுதும் ரோசா நிறம் கொள்ளும். மஞ்சட்காவியும் சிறிது மணற்சாயலும் கொண்ட வெண்மையே செந்தரைக்குத் துணை.

இனி, பூசும் பொருளைப் பற்றி. சுண்ணாம்பு இக்கரையோரத்தின் பழைய செல்வம். முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையிலிட்டுச் சுட்டு அதனைப் பெற்றார்கள். தம்பலகாமக் குடாவில் எடுத்த யன்னற்சிப்பியின் நுண்முத்துக்களைக்கூட இந்தியாவிற் செல்வர் சுட்டு வெற்றிலைச் சுண்ணாம்பாகப் பயன்படுத்தினர். ஆனால் முருகைக்கற் பார்களே கரையைக் கடலரிப்பினின்றும் காப்பவை. ஆதலின் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தலை 1988 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடை செய்தது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவும் அதன் முருகைக்கற் பார்களும் 2003 இல் தேசியப் பூங்காவாயின. இன்று மாத்தளை போன்ற உள்நாட்டுப் பகுதிகளின் கல்லைச் சுட்ட சுண்ணாம்பை வாங்குதலே முறை.

சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டும்போது மேசன்மார் துணிக்கு இடும் நீலத்திற் சிறிது சேர்ப்பது வழக்கம். அது பழுப்பை மறைத்து வெண்மையைப் பளிச்சிடச் செய்யும். வெம்மையான வெண்மையை விரும்புவோர் முதலிற் செய்யவேண்டியது அந்த நீலத்தை நிறுத்துவதே. பின்பு மஞ்சட்காவியை நீரிற் குழைத்துத் துணியில் வடித்துச் சேர்க்கலாம். அதன் அளவு சுண்ணாம்பின் எடையிற் பத்தில் ஒரு பங்கை மீறலாகாது. இளநிறத்துக்கு அதனினும் மிகக் குறைவே போதும். மஞ்சட்காவிக்குப் பதிலாகச் சமையல் மஞ்சளை இடலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து செந்நீராவதை அறிந்தவர் அப்பிழையைச் செய்யார். அச்செந்நிறமும் வெயிலில் நில்லாது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கி நிற்பன காவி போன்ற மண்நிறங்களே. ஒரு வீட்டுக்கு வேண்டியதை ஒரே முறையிற் கலந்து வைத்தலும் அவசியம். இரண்டாம் வாளியின் நிறம் முதலாம் வாளியினதை ஒத்திருப்பது அரிது.

சுண்ணாம்புக்கு மற்றொரு குணமும் உண்டு. ஈரத்தில் அது மங்கலாய்த் தோன்றும். உலர உலரக் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகி வெளுக்கும். எனவே பூசிய அன்றே நிறத்தைப் பழித்தலாகாது. உப்புக்காற்று வீசும் இடங்களிற் சுவரின் ஈரம் வெளியேறவும் சுண்ணாம்புப் பூச்சு இடங்கொடுக்கும். இறுகிய பெயின்ற் படலமோ ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைத்துவைத்துப் பின்னர் கொப்புளித்து உரியும்.

பெயின்ற் பூச விரும்புவோருக்கும் சில எச்சரிக்கைகள் உள. புதிய சீமெந்துச் சாந்து ஏறக்குறைய நான்கு கிழமைகள் உலர்ந்தபின்னரே பெயின்ற் பூசவேண்டும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன்மேற் பூசினால் இரண்டும் சேர்ந்து உதிரும். எண்ணெய் கலந்த வெண்பெயின்ற் வெளிச்சம் குறைந்த மூலைகளில் நாளடைவில் மஞ்சளாகும். அத்தகைய அறைகளுக்கு நீரிற் கரையும் பெயின்ற்றே மேலானது. ஈயம் கலந்த பெயின்ற் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெயின்ற்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு இலங்கையில் 2013 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பழைய பெயின்ற்றை உலர்ந்த நிலையிற் சுரண்டித் தூளாக்குதல் ஆபத்து. நனைத்துச் சுரண்டி, தூளைத் திரட்டி அகற்றவேண்டும். அவ்வேளையிற் பிள்ளைகள் அருகில் நில்லாதிருத்தல் நன்று.

முடிவு செய்வதற்கு எளிய வழி ஒன்றுண்டு. இரண்டடிச் சதுரமான பலகையிலோ தடித்த அட்டையிலோ எண்ணிய நிறத்தை இருமுறை பூசி நன்றாக உலரவிட வேண்டும். பின்பு அதனை அறையின் ஒவ்வொரு சுவரிலும் சாத்திவைத்துக் காலை, நண்பகல், மாலை, விளக்கேற்றிய பின் என நான்கு வேளையும் பார்க்கவேண்டும். மின்குமிழும் நிறத்தை மாற்றவல்லது. 2700 கெல்வின் எனக் குறித்த குமிழ் மஞ்சளொளி தரும். 6500 கெல்வின் குமிழ் நீலம் சார்ந்த வெள்ளொளி தரும். பாலாடை வெண்மை முன்னதன் கீழ் மிக மஞ்சளாயும், பின்னதன் கீழ்ச் சோர்ந்தும் தோன்றக்கூடும். ஆதலால் அறையில் எரியப்போகும் குமிழின் கீழேயே பார்த்தல் வேண்டும். நான்கு சுவர்களிலும் ஒரே நிறம் பூசினால் ஒன்றன் ஒளி மற்றொன்றிற் பட்டு நிறம் ஆழமாகும். எனவே பலகையிற் பிடித்த நிறத்துக்கு ஒருபடி இளையதை வாங்குதல் அனுபவசாலிகளின் வழக்கம்.

கடைசியாகக் காலம். தைப்பொங்கலுக்கு வெள்ளையடித்தல் அழகிய மரபு. ஆயினும் ஐப்பசி தொடக்கம் தை வரை இம்மாவட்டத்தில் மழைக்காலம். சுவர் அப்போது நீருண்டு நிற்கும். ஈரச் சுவரிற் பூசிய பெயின்ற் நில்லாது, பூஞ்சணமும் படரும். மாசி பங்குனி மாதங்களிற் பூசிச் சித்திரைப் புதுவருடத்தை வரவேற்பது இவ்வூர்க் காலநிலைக்கு இசைந்தது. பொங்கலுக்கு வாசலையும் அடுப்படியையும் மெழுகித் துலக்கினாற் போதும். சுவர் இரண்டு மாதம் பொறுத்திருக்கும்.

சூரியன் உச்சிக்கு வரும் அந்நாளில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே புதுவருடம் கொண்டாடுகின்றனர். அன்று வீட்டுக்கு வருவோர் சுவரின் நிறம் இன்னதென்று கேளாமல், இவ்வறையில் இருக்க நன்றாயிருக்கின்றதே என்று கூறுவாராயின், வீட்டார் நிறத்தைச் சரியாகத் தெரிந்தெடுத்தனர் என்று கொள்ளலாம்.