வயிற்றுக்குள்ளே இருக்கும் காவல்காரர்கள்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



மழை தொடங்கினால் நமது லயங்களில் சளிக்காய்ச்சலும் தொடங்கிவிடும். போன மழைக்கு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல். அண்ணனின் கால் புண்ணுக்குக் கொடுத்த கெப்சூலில் மிச்சம் இருந்ததைப் பிரித்து, பாதித் தூளைத் தாய் கொடுத்திருக்கிறார். "பிள்ளைக்குச் சுகமானாத்தானே ஐயா நான் மலைக்குப் போகலாம்" என்றார். ஏச மனம் வரவில்லை. நானும் என் மகளுக்கு ஒருமுறை இப்படிச் செய்தவன்தான். காய்ச்சல் குறையவில்லை, வயிற்றோட்டம்தான் வந்தது.

ஏன் அப்படி? சளிக்காய்ச்சல் வைரஸ் கிருமியால் வருவது. அன்டிபயோட்டிக் மருந்து வைரஸைக் கொல்லாது, பக்டீரியாவைத்தான் கொல்லும். நம் குடலில் கோடிக்கணக்கான நல்ல பக்டீரியா குடியிருக்கின்றன. நமது உடம்பின் நோய் எதிர்ப்புப் படையில் பெரும் பங்கு குடலை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தப் படையைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது இந்த நல்ல பக்டீரியாதான். வீணாக மருந்து கொடுத்தால், கள்ளனை விட்டுவிட்டுக் காவல்காரனை அடித்த கதைதான்.

2011இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்து, பிறகு இன்புளுவென்சா கிருமியை ஏற்றிப் பார்த்தார்கள். மருந்து குடித்த எலிகளின் எதிர்ப்பு குறைந்தது. நுரையீரலில் வைரஸ் கூடியது. குடலில் செய்த கெடுதல் நெஞ்சில் தெரிந்தது, பாருங்கள்.

அதற்காக டொக்டர் எழுதித் தரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அதைச் சொன்ன நாள்வரை முழுதாகக் குடிக்க வேண்டும். மிச்சம் வைப்பதும், ஒருவர் மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பதும்தான் கூடாது.

காவல்காரருக்கும் சாப்பாடு வேண்டும். கீரை, பருப்பு, கௌப்பி, கடலை, குரக்கன் ரொட்டி இவற்றில் உள்ள நார்ச்சத்துத்தான் அவர்களின் உணவு. வெறும் மா ரொட்டியும் சாயத் தண்ணீரும் போதாது. லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி கீரை போடுங்கள்.

கைக்குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். குழந்தையின் குடலில் நல்ல பக்டீரியாவை வளர்க்கவென்றே தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. கொழுந்து எடுக்கும் தாய்மார் பால் கொடுக்கும் நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிள்ளைக்கு மூச்சு இழுத்தால், பால் குடிக்காவிட்டால், சோர்ந்து கிடந்தால் விடியும்வரை பார்க்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அலுமாரியைப் பாருங்கள். பழைய கெப்சூல் இருந்தால் நாளைக்கு டிஸ்பென்சரியில் கொடுத்துவிடுங்கள்.