பாலையும் ஹாலெயும்



வேனிற்காலத்தில் வறண்ட குன்றுச் சரிவுகளில் வெண்ணிறக் கொத்துகளாய்ப் பூத்து நிற்கும் சிறு மரம் ஒன்று உண்டு. தமிழில் அதற்கு வெட்பாலை என்பது பெயர். கிள்ளினால் பால் வடியும். இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டித் தொங்கும். அதன் இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறம் கொள்ளும். தோல் நோய்க்குச் சித்த மருத்துவர் தரும் தைலம் அதுவே. பாலைத் திணைக்குப் பெயர் தந்த மரமும் இதுவே என்று அறிஞர் பலர் கொள்வர்.

இம்மரத்தின் கட்டை தந்தம் போல் வெளுத்து, நெருங்கிய இழையுடையது. கடைசல் வேலைக்கு மிகவும் ஏற்றது. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியிலுள்ள சென்னபட்டணத்தில் இதைக் கொண்டே பொம்மை கடைகிறார்கள். சுழலும் கட்டையின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படிகிறது. பின் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். இப்பொம்மைகள் 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றன.

அங்கே இம்மரத்தை ‘ஆலெ மர’ என்பர். ஆலமரம் என்று தமிழ்ப்படுத்தினால் பொருள் கெடும். சொல்லின் திருந்திய வடிவம் ‘ஹாலெ’. தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும். பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, பத்து ‘ஹத்து’, புலி ‘ஹுலி’. அவ்வாறே பாலை ‘ஹாலெ’ ஆயிற்று. பழங்கன்னடத்தில் அங்கும் பகரமே இருந்தது. வெள்ளி ‘பெள்ளி’ ஆவதுபோல, வெட்பாலைக்குப் ‘பெப்பாலெ’ என்ற பெயரும் உண்டு.

இதைக் கோலார் தங்கவயல் அன்பர்களுக்குச் சிறப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. 1880ஆம் ஆண்டு முதல் சுரங்க வேலைக்காக வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோரின் வழியினர் அங்கு வாழ்கின்றனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவர்களுள் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரில் வேலை செய்து திரும்புகின்றனர். கன்னடம் கற்றால் வீட்டுத் தமிழ் தேய்ந்துவிடுமோ என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். உண்மையில், தமிழை நன்கு அறிந்த பிள்ளைக்கே கன்னடத்தில் பாதி வழி திறந்திருக்கிறது. ஒலி மாறும் முறையைக் காட்டிக்கொடுத்தால் போதும்.

அடுத்த முறை குழந்தைக்குச் சென்னபட்டணப் பொம்மை வாங்கும்போது மரத்தின் இரு பெயர்களையும் சொல்லுங்கள். இடமிருந்தால் வெட்பாலைக் கன்று ஒன்றும் நடுங்கள். வறட்சியைத் தாங்கும் மரம் அது. தங்கவயல் மண்ணுக்கும் ஏற்கும்.