கத்திக்குப் பூசிய காப்பு

(ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றின் மண்டபத்தில், தொழிலாளர் குடும்பத்தினரிடையே நிகழ்த்திய உரை)



இந்த மேசைமீது ஒரு சிறு கத்தியையும் ஏழு இரும்புத் துண்டுகளையும் வைத்திருக்கிறோம். கத்தி ஒரு சாண் நீளங்கூட இல்லை. லாரியிலிருந்து கழற்றிய பழைய வில் தகட்டைக் காய்ச்சி அடித்து, பட்டறையிலே கையால் செய்தது. வெள்ளம் வரும்போது எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கென்று ஒரு பை கட்டி வைக்கிறோம் அல்லவா? அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், மருந்து, டார்ச் விளக்கு, கயிறு ஆகியவற்றோடு இத்தகைய கத்தி ஒன்றும் அந்தப் பையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கயிற்றை அறுக்கவும், மூங்கிலைச் சீவவும், கட்டிப்போட்ட ஆட்டை அவிழ்க்க நேரமில்லாதபோது தும்பை வெட்டிவிடவும் அது உதவும்.

ஜொகூரில் வாழும் நமக்கு இது வீண் அச்சமன்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இருமுறை பெருவெள்ளம் வந்தது. கோத்தா திங்கியும் சிகாமட்டும் பெரிதும் பாதிக்கப்பட்டன. 100,000-க்கும் மேற்பட்டோர் துயர் துடைப்பு மையங்களுக்குப் போக நேர்ந்தது. 2011 ஜனவரியிலும் வெள்ளம் வந்தது. 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் பக்கத்து மக்கள் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்களில் ஒருவர் வீட்டில் இருந்த கத்தியின் கதையைச் சொன்னால், இந்தச் சோதனையில் நாங்கள் இறங்கிய காரணம் விளங்கும். நல்ல கத்தி. தோலுறையில் போட்டுப் பத்திரமாகப் பையில் வைத்திருந்தார். பத்து மாதம் அதைத் தொடவேயில்லை. மழைக்காலத்துக்குமுன் பையைச் சரிபார்க்க எடுத்தபோது கத்தி உறையைவிட்டு வரவில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்த பின்னரே வந்தது. வந்ததும் பாதி துருவாகத்தான் வந்தது. வெள்ள நீர் இடுப்பளவு நிற்கும்போது இப்படி நேர்ந்திருந்தால் என்ன செய்வது?

துரு என்பது இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடிச் செய்யும் வேலை. உப்பு சேர்ந்தால் அந்த வேலை விரைவுபடும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் எப்போதும் மிகுதி. எவர்சில்வர் துருவை எதிர்ப்பதற்குக் காரணம், அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்திருப்பதே. வில் தகட்டில் அவ்வளவு குரோமியம் இல்லை. ஆனால் அது நன்றாகப் பதம் ஏறும். ஆற்றங்கரைக் கல்லிலேகூடத் தீட்டிக்கொள்ளலாம். ஆகவே நாம் அதை விடப்போவதில்லை. மேலே எதையாவது பூசிக் காக்கத்தான் வேண்டும்.

எதைப் பூசுவது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆய்வுக்கூடங்களில் இதற்கென்று உப்புப்புகைச் சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1939-இல் வகுக்கப்பட்ட முறை அது. 5 விழுக்காடு உப்புக் கரைசலை, 35 பாகை வெப்பமுள்ள பெட்டிக்குள் பனிபோலத் தொடர்ந்து தெளிப்பார்கள். நமக்குப் பெட்டி வேண்டாம். 950 கிராம் நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்தால் அதே கரைசல் கிடைத்துவிடும்.

கத்தி செய்த அதே தகட்டிலிருந்து ஏழு துண்டுகளை வெட்டினோம். வேறு வேறு இரும்பாக இருந்தால், வேறுபாடு இரும்பாலா பூச்சாலா என்று தெரியாமல் போகும். எல்லாவற்றையும் மணல் தாளால் தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே துடைத்து உலர்த்தினோம். பிறகு வெறும் விரலால் தொடவில்லை. முதல் துண்டுக்கு ஒன்றும் பூசவில்லை. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. மற்ற ஆறில் ஒன்றுக்குத் தேங்காயெண்ணெய், ஒன்றுக்குத் தேன்மெழுகு, ஒன்றைக் கடுந்தேயிலைச் சாயத்தில் ஓர் இரவு ஊறவைத்துக் கறுக்கச் செய்தோம், ஒன்றை அவ்வாறே கறுக்கச் செய்து, அதன்மேல் மெழுகும் தேய்த்தோம், ஒன்றுக்கு ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாக மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் பல நாள் உலரவிட்டோம், கடைசித் துண்டுக்கு நிறமற்ற வார்னிஷ். பூச்சு காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் ஊசிமுனையால் பெருக்கல் குறிபோலக் கீறிவிட்டோம். கீறலே இல்லாத கத்தி வேலை செய்யாத கத்திதானே! பிறகு நாள்தோறும் காலையில் உப்பு நீரில் முக்கி எடுத்து, மழை படாத தாழ்வாரத்தில் தொங்கவிட்டோம்.

வெறுந்துண்டு மறுநாளே சிவந்துவிட்டது. தேங்காயெண்ணெய் நம்மில் பலருக்கு நம்பிக்கையான பொருள். ஆனால் அது உலர்ந்து இறுகும் எண்ணெய் அன்று. நீர் பட்டுத் துணி படப் போய்விடுகிறது. நாள்தோறும் பூசுகிறவருக்குச் சரி, பையில் போட்டு மறந்துவிடுகிறவருக்கு ஆகாது. தேயிலைச் சாயத்தின் கறுப்பு அழகாக இருந்தது. தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. தனியாக விட்டால் துருவைச் சற்றே தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஆனால் மெழுகைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அந்தக் கறுப்பு கெட்டிக்காரத்தனம் காட்டியது. வெறும் மெழுகுத் துண்டைவிட இது நெடுநாள் தாங்கிற்று.

எங்களை ஏமாற்றியது வார்னிஷ். முதல் வாரம் அதுதான் பளபளவென்று முன்னிலையில் நின்றது. பிறகு கீறலின் வழியே உப்பு நீர் உள்ளே போய், பூச்சுக்கு அடியிலேயே துரு நூல்நூலாக ஓடியது. மேலே கண்ணாடி, கீழே செம்மண்! நகத்தால் நெம்பினால் தகடாக உரிந்து வந்தது. ஆளிவிதை எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து இறுகி, தோசைக்கல்லில் பழகிய படலம்போல அது இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. கீறிய இடத்தில் மட்டும் துருப் புள்ளி கண்டது, பரவவில்லை.

அந்த எண்ணெயைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். விரைவில் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்து விற்பதை உணவு நறுக்கும் கத்திக்குப் பூசக்கூடாது; கலப்பில்லாததையே வாங்குங்கள். பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள். பூச்சு சீக்கிரம் காயட்டுமென்று கத்தியை அடுப்பில் வாட்டுவதும் கூடாது. பட்டறைக்காரர் ஏற்றிய பதம் சூட்டில் இறங்கிவிடும்.

லாரியில் மாற்றிய பழைய என்ஜின் எண்ணெயைத் தடவுவோரும் உண்டு. துருவைத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் உடம்புக்குக் கேடான பொருள்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. வெள்ளத்தில் ரொட்டி நறுக்கப்போவதும் அதே கத்திதான். ஆகவே அதை நாங்கள் சோதனையிலேயே சேர்க்கவில்லை. மலாய்க்காரர்கள் கெரிசுக்கு எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் இட்டு நிறம் ஏற்றுவது பழைய கலை. அது அக்கலை அறிந்தவர்களோடு நிற்கட்டும்.

“ரப்பர் பாலிலேயே முக்கிவிட்டால் என்ன?” என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர். புளித்தால் அமிலமும் சேரும். பால்வெட்டுக் கத்தியைக் கழுவாமல் வைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் கத்தியின் உடம்புக்குத்தான். வாய்க்கு எந்தப் பூச்சும் நிலைக்காது. ஒருமுறை தீட்டினால் அங்கே வெறும் இரும்புதான் எஞ்சும். இதை நாங்கள் துண்டுகளில் கண்டுபிடிக்கவில்லை. ஆளிவிதை எண்ணெய் பூசிய முழுக் கத்தியால் கயிறும் மூங்கிலும் வெட்டி, தீட்டி, ஈரத்தோடு தோலுறையில் போட்டுச் சில வாரம் வைத்து எடுத்தபோதுதான் கண்டோம். உடம்பு கறுப்பாக அப்படியே இருந்தது. வாய் மட்டும் அரித்துப் பல்பல்லாகிவிட்டது. தோல் ஈரத்தைக் குடித்துத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. பதனிடும்போது சேர்ந்த அமிலமும் உப்பும் அதில் தங்கியிருக்கக்கூடும். வெளியே தொங்கிய துண்டுகளுக்குக் காற்றாவது கிடைத்தது, உறைக்குள் அதுவும் இல்லை. உறைக்குள் வைத்துப் பாராமல் ஒரு பூச்சை நல்லது என்று சொல்லிவிடலாகாது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

எனவே பையில் வைக்கும்போது கத்தி வேறு, உறை வேறு. வாய்க்கு மெழுகைக் கனமாகத் தேய்த்து, உலர்ந்த துணியில் சுற்றி, அட்டையில் மடித்துக் கட்டுங்கள். மாதந்தோறும் சம்பள நாளன்று பையைத் திறந்து பாருங்கள். துருப் புள்ளி தெரிந்தால் தேய்த்துவிட்டு மீண்டும் மெழுகிடுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பை இருக்கட்டும். தக்க காரணமின்றிக் கத்தியோடு பொது இடங்களில் திரிவது 1958-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமாகலாம்; ஆகவே கடைத்தெருவுக்குப் போகும்போது இடுப்பில் செருகிக்கொண்டு போகாதீர்கள்.

ஏழு துண்டுகளும் இங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் என்ன பூசியது என்று எழுதி வைத்திருக்கிறோம். கிட்டே வந்து கையில் எடுத்துப் பாருங்கள். பார்த்ததும் பக்கத்திலுள்ள துணியால் துடைத்து வையுங்கள். விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது, நாளைக்கு இவற்றை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.