சோலைவிரும்பியின் பெயர்



கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படுத்தினார். அந்நிரலில் இடம்பெற இயலாத மலைச்செடி ஒன்று உண்டு. அதுவே பெரணி. அது பூப்பதில்லை, காய்ப்பதுமில்லை. இலையின் அடிப்புறத்தே பழுப்புப் புள்ளிகளாகத் திரண்டு நிற்கும் ஸ்போர் எனும் நுண்தூளே அதன் வழிமுறையை வளர்க்கிறது. பூவைக் கண்டு பெயர்சொல்லிப் பழகிய கண்கள் பூவாத ஒன்றை எங்ஙனம் இனங்காண்பது? நீலகிரி மரப்பெரணியின் வரலாறு இவ்வினாவிற்கு விடை பகர்கிறது.

சோலைகளின் ஈரமிக்க ஓடைக்கரைகளில், உச்சியில் குடையென இலை விரித்து நிற்பது இப்பெரணி. இதன் இளந்தளிர் சுருண்டு பிறந்து மெல்ல நிமிரும். தோற்றத்தால் இது மரமே. ஆயின், புறத்தே வன்மை உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மை உடையவற்றை மரம் என்றும் மரபியலில் வகுத்தார் தொல்காப்பியர். இதன் தண்டிலோ வன்மை புறத்தே உள்ளது. நடுவில் இருப்பது மென்மையான சோறு. எனவே அவர் நெறியில் இது புல்லையே சாரும். உயரத்தை நோக்கினால் ஒரு பெயர், உள்ளீட்டை நோக்கினால் மற்றொரு பெயர். எப்பண்பை அளவுகோலாகக் கொள்வது என்பதே வகைப்பாட்டின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய படை அலுவலர் பெடோம், 1863 முதல் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களுடன் வெளியிட்டார். நீலகிரிப் பெரணியை அவர் 'அல்சோபிலா லேட்டிப்ரோசா' எனக் கொண்டார். அது மலாய்த் தீபகற்பம் முதலிய கீழ்த்திசை நிலங்களில் வளரும் பெரணியின் பெயர். அக்கால அறிஞர்கள் ஸ்போர்த் திரள்களை மூடும் சவ்வையே பெரிதும் நம்பினர். சவ்வு கிண்ணம்போல் சூழ்ந்திருந்தால் சயாத்தியா, பாதி மூடினால் ஹெமிடெலியா, இல்லையேல் அல்சோபிலா. ஆனால் அச்சவ்வு முதிர்ந்தபின் உதிர்வதும் உண்டு. திரளின் அடியில் கண்ணுக்குப் புலப்படாது ஒளிந்திருப்பதும் உண்டு. அளவுகோலே நிலையற்றதாயிற்று.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நெடுங்காலம் பணியாற்றி, பின்னர் கியூ பூங்காவில் ஆய்வைத் தொடர்ந்தவர் ஹோல்ட்டம் (1895–1990). அவர் இலைக்காம்பின் அடியிலுள்ள செதில்களை நோக்கினார். செதிலின் ஓரத்து உயிரணுக்கள் நடுப்பகுதியை ஒத்தவையா, வேறுபட்டவையா என்பதே அவர் கண்ட நுண்வேறுபாடு. இலைநுனியை மட்டும் கொய்து உலர்த்திய தாளில் இதனைக் காண இயலாது. கைப்படாது விடப்பட்ட அடிக்காம்பிலேயே அடையாளம் இருந்தது.

1965இல் ஹோல்ட்டம் நீலகிரிப் பெரணியைத் தனிச்சிற்றினமாகப் பிரித்து, 'சயாத்தியா நீல்கிரென்சிஸ்' எனப் பெயரிட்டார். 1970இல் டிரையான் அதனை அல்சோபிலாவில் சேர்த்தார். மரபணுச் சான்றுகளைத் தழுவி 2016இல் வெளிவந்த உலகப் பெரணி வகைப்பாடும், சயாத்தியா, ஸ்பேராப்டெரிஸ் ஆகியவற்றோடு அல்சோபிலாவையும் தனிப்பேரினமாக ஏற்றது. முன்னொட்டு போய்த் திரும்பி வந்தது, ஊர்ப்பெயரோ நிலைத்துவிட்டது. அல்சோபிலா எனும் கிரேக்கச் சொற்கு 'சோலையை விரும்புவது' என்பது பொருள். நம் மலைக்காட்டிற்கும் சோலை என்பதே பெயர். ஒருவரையொருவர் அறியாத இருமொழிகள் ஒரே செடியின் நிழலில் சந்தித்தமை வியப்பிற்குரியது.

பெயரில் என்ன இருக்கிறது எனச் சிலர் வினவலாம். பிறநாட்டுப் பெயரோடு இருந்தவரை, இச்செடி இங்கு அழிந்தாலும் கீழ்த்திசையில் எஞ்சும் என அமைதி கொள்ள இடமிருந்தது. தனிப்பெயர் பெற்றபின் அவ்வமைதிக்கு இடமில்லை. தென்னிந்திய மலைகளுக்கே உரிய ஓருயிர் இங்கு அழியின் முற்றும் அழிந்ததாகும். தேயிலைக்கும் தைலமரத்திற்கும் சீகை மரத்திற்கும் சோலைகள் இடமிழந்த வரலாற்றை நினைப்பின், இப்பெயரின் பெறுமதி விளங்கும்.

கவிஞர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 'பெயரறியாச் செடி' என்று எழுதுவது எளிது; இனியதும்கூட. ஆயின் அப்பெயரின்மை செடியின் இயல்பன்று, காண்போரின் குறை. 99 மலர்களைப் பெயர்சொல்லி அழைத்த மரபு, பூவாத செடிக்கும் அக்கவனத்தை நீட்டுதல் வேண்டும். குனிந்து அடிக்காம்பை நோக்கும் கண்ணே ஆய்வாளர்க்கு வேண்டுவது. பாடுவோர்க்கு வேண்டுவதும் அதுவே.